கார்பன் ஃபைபர் திட்டப்பணி: மென்பொருளில் தொடங்கவா, மோல்டில் தொடங்கவா?

மூன்றாமாண்டு_மெக் கேட்டது:

வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் கூட்டுப்பொருள் வடிவமைப்பும் உற்பத்தியும் என்று ஒரு விருப்பப் பாடம். நான்கு பேர் கொண்ட குழு ஒரு பொருளை வடிவமைத்து, தாங்களே செய்து, சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். மொத்தம் 14 வாரம்.

ஆய்வகத்தில் வேக்குவம் பம்ப், 80 டிகிரி வரை போகும் ஓவன், இழுவிசைச் சோதனை இயந்திரம், சிஎன்சி ரவுட்டர் இருக்கின்றன. ஆட்டோகிளேவ் (அழுத்தத்தோடு சூடாக்கும் ஓவன்) கிடையாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ட்வில் நெசவு கார்பன் துணி, இன்ஃப்யூஷன் (உலர்ந்த துணியைப் பைக்குள் மூடி வேக்குவத்தால் ரெசினை உள்ளிழுக்கும் முறை) எபாக்சி, கனமீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள பிவிசி ஃபோம் ஆகியவற்றைத் துறையே தருகிறது.

மூன்று யோசனைகள் மேசையில் இருக்கின்றன: ட்ரோன் கை, ரேஸ் காரின் சஸ்பென்ஷன் கை, லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) பலகை. எதை எடுப்பது? ஆன்சிஸ் உருவகப்படுத்தல் மென்பொருளில் மாடல் போடக் கற்றுக்கொண்ட பிறகு செய்முறைக்குப் போகலாமா, இல்லை நேராகத் துணியையும் ரெசினையும் கையில் எடுக்கலாமா? எத்தனை அடுக்கு வைப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதும் புரியவில்லை.

—

அடுக்குக்கணக்கு எழுதியது:

லாங்போர்டை எடுங்கள். சஸ்பென்ஷன் கையில் குழாய் உடையாது, குழாயும் உலோக முனையும் ஒட்டிய இடம்தான் விடும். கடைசியில் உங்கள் திட்டப்பணி பசையைப் பற்றியதாக முடியும். போதாததற்கு அது உடைந்தால் ஓட்டுபவருக்கு ஆபத்து. ட்ரோன் கையில் விசை மிகக் குறைவு, அதிர்வைத் தவிர அளக்க அதிகம் இல்லை. லாங்போர்டில் வளைவு விசை, சாண்ட்விச் (இரண்டு மெல்லிய கார்பன் தோல்களுக்கு நடுவே ஃபோம் கோர்), போல்ட் துளை, வளைந்த மோல்டு எல்லாம் ஒரே பொருளில் வந்துவிடும். ஒன்று கெட்டால் இன்னொன்று செய்ய நேரமும் இருக்கும். 14 வார வேலையில் இதுதான் முக்கியம். ஒரே ஒரு முறை மட்டும் செய்ய முடிகிற பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மென்பொருளா, மோல்டா என்ற கேள்விக்கு வருகிறேன். அலுமினியத் தகடு வாங்கினால் அதன் குணங்கள் ஆலையிலேயே முடிவாகிவிடும். இங்கே பொருள் உருவாகும் அதே நேரத்தில்தான் அதன் பண்பும் உருவாகிறது. ஆன்சிஸில் நீங்கள் இடும் மீள்மைக் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) உங்கள் பம்ப் எவ்வளவு இழுத்தது, பை எங்கே கசிந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் இரண்டாம் வாரத்துக்குள் 300 மி.மீ. சதுரத் தட்டை ஒன்று செய்துவிடுங்கள். அதை அளந்து கிடைக்கும் எண்களைக் கைக்கணக்கில் போடுங்கள். மென்பொருள் அதற்குப் பிறகு வரட்டும்.

முதலில் அடுக்கின் தடிமன். துணியின் பரப்பு எடையை இழையின் அடர்த்தியாலும் இழையின் கனஅளவுப் பங்காலும் வகுக்க வேண்டும். கார்பன் இழையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 1.78 கிராம். வேக்குவம் இன்ஃப்யூஷனில் இழைப் பங்கு சுமார் 50 சதவீதம் வரும். 200 ஐ 1780 ஆலும் 0.5 ஆலும் வகுத்தால் ஒரு அடுக்கு 0.225 மி.மீ., நான்கு அடுக்கு 0.9 மி.மீ. வெறும் கைப்பூச்சில் இழைப் பங்கு 30 முதல் 40 சதவீதம்தான், தடிமன் அதற்கேற்பக் கூடும்.

அடுத்து மீள்மைக் குணகம். சாதாரணத் தரக் கார்பன் இழைக்கு 230 ஜிகாபாஸ்கல். அதில் பாதிதான் இழை என்பதால் 115. நெசவுத் துணியில் பாதி இழை நீளவாக்கிலும் பாதி குறுக்கிலும் போவதால் 57 அல்லது 58. குறுக்கிழைகளும் ரெசினும் கொஞ்சம் சேர்க்கும், நெசவின் நெளிவு கொஞ்சம் குறைக்கும். தொடக்கக் கணக்குக்கு 55 என்று வையுங்கள். அதே துணியை 45 டிகிரி திருப்பினால் 15க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பலகையின் ஒவ்வொரு பக்கத் தோலிலும் மூன்று 0/90 அடுக்கும் (இழைகள் நீளவாக்கிலும் குறுக்கிலும் போவது), முறுக்கலைத் தாங்க ஒரு 45 டிகிரி அடுக்கும் வைத்தால் சராசரி 45 ஜிகாபாஸ்கல்.

இப்போது பலகை. அகலம் 220 மி.மீ., சக்கர அச்சுகளுக்கு இடையே 650 மி.மீ., நடுவில் 1000 நியூட்டன், கோர் 8 மி.மீ. ஃபோம். இரண்டு தோல்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் 8.9 மி.மீ. வளைவு விறைப்பு என்பது மீள்மைக் குணகம், அகலம், ஒரு தோலின் தடிமன், மையத் தூரத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்குத்தொகையில் பாதி. அது சுமார் 353 மில்லியன் நியூட்டன் சதுர மி.மீ. ஆகிறது. இதிலிருந்து நடுவில் தொய்வு 16.2 மி.மீ.

பெரும்பாலான மாணவர் அறிக்கைகள் இங்கேயே நின்றுவிடும். ஆனால் ஃபோமும் ஷியரில் (ஒரு தளம் இன்னொன்றின் மேல் சறுக்குவது போன்ற விசையில்) நெகிழும். 80 கிலோ பிவிசி ஃபோமின் ஷியர் குணகம் 27 மெகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். அதனால் இன்னொரு 2.8 மி.மீ. சேர்ந்து மொத்தம் 19 மி.மீ. சோதனையில் பலகை கணக்கைவிட அதிகமாகத் தொய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த விடுபட்ட உறுப்பைத்தான்.

19 மி.மீ. அதிகம் என்று தோன்றினால் உடனே கார்பன் அடுக்கைக் கூட்டாதீர்கள். கோரை 12 மி.மீ. ஆக்கினால் மொத்தத் தொய்வு 10 மி.மீ.க்கும் கீழே இறங்கும். அதற்குக் கூடும் ஃபோம் எடை முழுப் பலகைக்கும் 65 கிராமைத் தாண்டாது. கோரே இல்லாமல் எட்டு அடுக்கையும் ஒன்றாக ஒட்டி 1.8 மி.மீ. தட்டாகச் செய்தால், 8 மி.மீ. கோர் வைத்த பலகையின் விறைப்பில் 73இல் ஒரு பங்குதான் கிடைக்கும்.

வலிமையையும் பார்த்துவிடுங்கள். அதே விசையில் தோலில் அழுத்தம் 92 மெகாபாஸ்கல், ஃபோமில் ஷியர் அழுத்தம் 0.26 மெகாபாஸ்கல். குதித்து இறங்குவதற்கு மூன்று மடங்கு வைத்தால் 276, 0.77. இந்த ஃபோம் ஷியரில் 1.1 மெகாபாஸ்கல் அளவில் உடையும். அதாவது தோலைவிட கோர்தான் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பலகையின் அளவைத் தீர்மானிப்பது விறைப்பு, உடைந்தால் உடையப்போவது கோர். இந்த இரண்டு வரியை அறிக்கையில் எண்களோடு காட்டினாலே வடிவமைப்புப் பகுதி நிற்கும்.

லேமினேட் (அடுக்குத் தட்டு) கோட்பாட்டில் நீட்சி, இணைப்பு, வளைவு விறைப்புகளைத் தரும் ஏ, பி, டி அணிகளைக் கையால் ஒருமுறை போட்டுவிட்டு, பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதுங்கள். டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் இலாம்எக்ஸ் மென்பொருளோடு விடையை ஒப்பிடலாம். அடுக்குகள் நடுத்தளத்துக்கு இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல் இருந்தால் பி அணி பூச்சியமாகும். இல்லாவிட்டால் ஓவனிலிருந்து எடுத்து ஆறும்போதே தட்டு முறுக்கிக்கொள்ளும். உங்கள் பலகையில் 45 டிகிரி அடுக்கு மேல்தோலில் ஃபோமை ஒட்டி இருந்தால் கீழ்த்தோலிலும் ஃபோமை ஒட்டியே இருக்கட்டும்.

—

வேக்குவம்பை எழுதியது:

மேலே உள்ளவரோடு உடன்படுகிறேன். செய்முறையை நான் எழுதுகிறேன்.

முதலில் ரெசின் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நுண்துளைப் பொருளில் திரவம் ஓடுவதைச் சொல்லும் டார்சி விதிப்படி நிரம்பும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். ரெசினின் பிசுக்குமை 0.3 பாஸ்கல் விநாடி, துணியின் ஊடுருவல் திறன் சதுர மீட்டரில் 3 பெருக்கல் பத்தின் மைனஸ் 11ஆம் அடுக்கு, அழுத்த வேறுபாடு 95 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோ மெஷ் (ரெசின் வேகமாகப் பரவ மேலே விரிக்கும் வலை) இல்லாமல் 900 மி.மீ. நீளவாக்கில் ஓடவிட்டால் ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும், அதற்குள் ரெசின் இறுகிவிடும். அதே துணியில் ஒரு நீளப் பக்கத்திலிருந்து 220 மி.மீ. குறுக்கே ஓடவிட்டால் 21 நிமிடம். மெஷ் வைத்தால் இன்னும் வேகம். எனவே ஸ்பைரல் குழாய் ஒரு நீள விளிம்பு முழுக்க, வேக்குவம் குழாய் எதிர் விளிம்பு முழுக்க.

மோல்டு எம்டிஎஃப் மரநார்ப் பலகையில் ரவுட்டரில் கடைந்தால் போதும். ஆனால் எம்டிஎஃப் காற்றை உள்ளே விடும். இரண்டு மூன்று கை எபாக்சி பூசித் தேய்த்து மூடுங்கள். அப்போதும் வேக்குவம் நிற்கவில்லை என்றால் மோல்டை முழுதாகப் பைக்குள் போட்டு உறைபோல் மூடிவிடலாம். விளிம்பைச் சுற்றி 100 மி.மீ. தட்டையான இடம் விட மறக்காதீர்கள், சீலன்ட் டேப் ஒட்டவே அந்த இடம் வேண்டும். புது மோல்டுக்கு மெழுகு ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் துடைத்து.

வைக்கும் வரிசை: மோல்டு, கீழ்த்தோல் நான்கு அடுக்கு, ஃபோம், மேல்தோல் நான்கு அடுக்கு, பீல் ப்ளை (இறுகிய பிறகு உரித்தெடுக்கும் துணி), ஃப்ளோ மெஷ், குழாய்கள், பை. ஃபோமில் 20 மி.மீ. இடைவெளியில் 2 மி.மீ. துளைகள் போடாவிட்டால் கீழ்த்தோலுக்கு ரெசின் போய்ச் சேராது. மேலே பார்த்தால் எல்லாம் நனைந்தது போலத் தெரியும், மோல்டிலிருந்து எடுத்துத் திருப்பினால் அடியில் ரெசின் படாமல் உலர்ந்த துணி இருக்கும். மெஷ் எதிர் விளிம்புக்கு 30 முதல் 40 மி.மீ. முன்பே நின்றுவிட வேண்டும். அந்த இடைவெளியில் ரெசின் வேகம் குறைந்து, கீழே பின்தங்கி வரும் ஓட்டம் எட்டிப்பிடிக்க நேரம் கிடைக்கும்.

பையை மோல்டைவிடப் பெரிதாக வெட்டி, மூலைகளிலும் குழாய் நுழையும் இடங்களிலும் மடிப்பு வையுங்கள். இறுக்கமாக வைத்தால் பை உள்மூலையில் துணியை அழுத்தாமல் பாலம் போட்டு நிற்கும், அந்த இடத்தில் ரெசின் மட்டும் தேங்கும்.

பிறகு கசிவுச் சோதனை. முழு வேக்குவம் இழுத்து, பம்பு பக்க வால்வை மூடி, 15 நிமிடம் கேஜைப் பாருங்கள். 10 மில்லிபாருக்கு மேல் ஏறினால் ரெசினைக் கலக்கவே கூடாது. கசிவு பெரும்பாலும் குழாய் டேப்பைக் கடக்கும் இடத்திலும் மடிப்பின் அடியிலும்தான் இருக்கும். நேரம் இல்லையென்று இந்தப் படியைத் தாண்டுவது வீணான ஒரு பலகைக்குச் சமம்.

ரெசின் அளவு உங்கள் பலகைக்கு இப்படி வரும். பரப்பு 0.2 சதுர மீட்டர். எட்டு அடுக்குத் துணி 320 கிராம். இழைப் பங்கு 50 சதவீதம் என்றால் அதற்குள் நிற்கும் ரெசின் சுமார் 207 கிராம். ஃபோம் துளைகளுக்கு 14, ஃபோமின் இரு முகங்களும் உறிஞ்சுவது 100, மெஷ்ஷும் பீல் ப்ளையும் பிடித்துக்கொள்வது 120, குழாய்களுக்குள் 85. மொத்தம் 526, கையிருப்பு 15 சதவீதம் சேர்த்து சுமார் 600 கிராம் கலக்குங்கள். ஃபோம், மெஷ் எண்கள் நீங்கள் வாங்கும் பொருளைப் பொறுத்து மாறும், முதல் தட்டில் முன்னும் பின்னும் எடைபோட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஹார்டனரை எடைபோட்டுத்தான் சேர்க்க வேண்டும், பாத்திரத்தின் கோடுகளை நம்பாதீர்கள். சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது எபாக்சியில் வேலைக்காகாது. எபாக்சியும் ஹார்டனரும் குறித்த விகிதத்தில் வினைபுரிபவை. மிஞ்சிய ஹார்டனர் வினைபுரியாமல் உள்ளே தங்கி ரெசினை மென்மையாக்கிவிடும். கலந்த பிறகு வேக்குவம் பாத்திரத்தில் பத்து நிமிடமாவது வைத்துக் காற்றை எடுங்கள். தரவுத்தாளில் போட்டிருக்கும் பாட் லைஃப் (கலந்த ரெசின் பயன்படும் நேரம்) பெரும்பாலும் 100 கிராமுக்கானது. 600 கிராமை ஒரே வாளியில் வைத்தால் தன் வெப்பத்தாலேயே அதற்கு முன் கொதித்துக் கெட்டியாகும். அகலமான தட்டையான பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள்.

நுழைவுக் குழாயின் முனை எப்போதும் ரெசினுக்குள் மூழ்கியே இருக்கட்டும். எதிர் விளிம்பு முழுதும் நனைந்ததும் நுழைவை மூடுங்கள், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ரெசின் ஜெல் ஆகும் வரை.

—

பாதுகாப்பு_முதலில் எழுதியது:

இதை யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். எபாக்சி ஹார்டனரின் அமீன் தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கப் போகாது. பிறகு அந்த ஆய்வகத்துக்குள் போவதே கஷ்டமாகிவிடும். நைட்ரைல் கையுறை போடுங்கள், அழுக்கானதும் மாற்றுங்கள். தோலில் பட்டதை அசிட்டோனால் துடைக்காதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும்தான்.

வெட்டும்போதும் தேய்க்கும்போதும் நுண்தூளை வடிகட்டும் எஃப்எஃப்பி3 முகமூடி, கண்ணாடி, உறிஞ்சி. கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும். ரவுட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் பக்கத்துக் கணினிக்குள்ளும் போனால் ஷார்ட் ஆகும். ஈரமாகத் தேய்ப்பது நல்லது.

மீதமான ரெசினைக் குப்பைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், தட்டில் பரப்பிக் கெட்டியாக்கிய பிறகு போடுங்கள். வேறொரு பாடத்தில் பாலியெஸ்டர் ரெசின் பயன்படுத்த நேர்ந்தால், கோபால்ட் முடுக்கியையும் எம்இகேபி பெராக்சைடையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகுதான் மற்றது.

—

மூன்றாமாண்டு_மெக் எழுதியது:

மிக்க நன்றி. லாங்போர்டு என்று முடிவாகிவிட்டது. சோதனைத் தட்டு முடிந்தது: கண்ணாடி மேல் 300 மி.மீ. சதுரம், எட்டு அடுக்கு, கோர் இல்லை. இரண்டு குறை. வெளியேறும் பக்கத்து மூலை ஒன்றில் முக்கோணமாக உலர்ந்த திட்டு. தடிமன் 1.8 எதிர்பார்த்தோம், நுழைவுப் பக்கம் 2.1, வெளியேறும் பக்கம் 1.9 மி.மீ. இருக்கிறது. ரெசின் எதிர் விளிம்பைத் தொட்டதும் நுழைவையும் வெளியேற்றத்தையும் சேர்த்தே மூடினோம். இந்தத் தட்டிலிருந்து துண்டு வெட்டிச் சோதிக்கலாமா?

—

வேக்குவம்பை எழுதியது:

உலர்ந்த மூலைக்குக் காரணம் விளிம்பு ஓட்டம். துணியின் ஓரத்துக்கும் டேப்புக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தாலே போதும், அங்கே துணியின் எதிர்ப்பு இல்லாததால் ரெசின் ஓரமாகவே முந்திப்போய் வெளியேறும் குழாயை அடைந்துவிடும். அதன் பிறகு உள்ளே மாட்டிய காற்றுக்கு வழி இல்லை. கண்ணாடி அடியிலிருந்து படம் எடுத்திருந்தால் ஓட்ட முனை நடுவில் குழிந்தும் ஓரங்களில் நீண்டும் தெரியும். துணியை 20 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள், பக்க ஓரங்களில் மெஷ்ஷை 20 முதல் 30 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள், ஓர இடைவெளியை டேப் துண்டால் அடையுங்கள்.

தடிமன் வித்தியாசம் இன்ஃப்யூஷனின் இயல்பிலேயே இருப்பது. நுழைவுப் பக்கம் ரெசின் ஏறத்தாழ வெளிக்காற்று அழுத்தத்தில் இருப்பதால் பை துணியை அழுத்துவதே இல்லை. வெளியேறும் பக்கம் முழு அழுத்தமும் துணி மேல் விழுகிறது. இரண்டையும் ஒன்றாக மூடியதால் அந்த வித்தியாசமும் மிஞ்சிய ரெசினும் உள்ளே சிறைப்பட்டுவிட்டன. நுழைவை மட்டும் மூடி பம்பை ஓடவிட்டால் மிஞ்சியது ரெசின் ட்ராப்புக்கு (பம்புக்கு முன் ரெசினைப் பிடிக்கும் கலன்) வந்து தட்டு சமப்படும்.

—

அடுக்குக்கணக்கு எழுதியது:

அந்தத் தட்டைக் குப்பையில் போட வேண்டாம், அதில் நல்ல பாடம் இருக்கிறது. எட்டு அடுக்குத் துணியின் சதுர மீட்டர் எடையான 1600 கிராமை 1780 ஆலும் தடிமனாலும் வகுத்துப் பாருங்கள். 2.1 மி.மீ. இடத்தில் இழைப் பங்கு 43 சதவீதம், 1.9 இடத்தில் 47. இரண்டு இடத்திலும் இழையின் அளவு ஒன்றேதான், ரெசின்தான் கூடியிருக்கிறது. 43 சதவீதத்தில் மீள்மைக் குணகம் அதே விகிதத்தில் குறையும், தடிமன் அதே விகிதத்தில் கூடும். இரண்டின் பெருக்கம் ஏறத்தாழ மாறாது. ஆகவே உங்கள் பலகையின் தோல் விறைப்பு பெரிதாகக் கெடாது, ஆனால் சதுர மீட்டருக்கு சுமார் 345 கிராம் ரெசினை வீணாகச் சுமக்கும். பலகைக்கு 70 கிராம். முன்பு சொன்ன, கோரை 4 மி.மீ. கூட்டுவதற்கான எடையைவிட இது அதிகம்.

இழுவிசைச் சோதனையில் ஒரு துண்டின் குணகம் 47 வந்து இன்னொன்று 52 வந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லுமுன் அந்தத் துண்டு தட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வெட்டியது என்று பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் வெட்டும் முன்பே எண்ணும் அம்புக்குறியும் போட்டு வைப்பது இதற்காகத்தான்.

—

சோதனைக்கூடம் எழுதியது:

வெட்டிச் சோதிக்கலாம், உலர்ந்த மூலையை விட்டுவிட்டு. குறைந்தது ஐந்து துண்டு வேண்டும். ஏஎஸ்டிஎம் டி3039 என்ற இழுவிசைச் சோதனைத் தரநிலைப்படி உங்கள் மாதிரி சமச்சீர் லேமினேட்டுக்கு 250 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம். வைரத்தூள் பதித்த வட்டில், தண்ணீர் விட்டு வெட்டுங்கள். சாதாரண ரம்பம் ஓரத்தில் அடுக்குகளைப் பிரித்துவிடும், உடைவு அங்கிருந்தே தொடங்கும்.

தடிமனை உருண்டை முனை மைக்ரோமீட்டரில் ஒரு துண்டுக்கு மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பீல் ப்ளை பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் தட்டை முனைக் கருவி மேடுகளை மட்டும் தொட்டுக் கூடுதலாகக் காட்டும். மீள்மைக் குணகத்தை 0.001 க்கும் 0.003 க்கும் இடைப்பட்ட நீட்சியில் எடுங்கள். நீட்சியைத் துண்டின் மேலேயே பொருத்தும் எக்ஸ்டென்சோமீட்டரில் அளக்க வேண்டும். இயந்திரத் தலை நகர்ந்த தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் பிடியின் வழுக்கலும் சட்டத்தின் நெகிழ்வும் சேர்ந்து குணகம் மிகவும் குறைவாக வரும். இந்தத் தவறை அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கலாம். 55 வர வேண்டிய இடத்தில் 20 என்று எழுதிவிட்டு ரெசின் சரியில்லை என்று காரணம் சொல்லியிருப்பார்கள். பிடிக்குள்ளேயே உடைந்த துண்டின் வலிமையைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

இழைப் பங்கைக் கண்ணாடி இழைத் தட்டில் செய்வதுபோல உலையில் எரித்துப் பார்க்க முடியாது, கார்பன் காற்றில் தானும் எரிந்து போகும். அமிலக் கரைப்பு வசதி இல்லாவிட்டால் மேலே சொன்ன தடிமன் கணக்கே போதும்.

பலகைக்கு மூன்று முனை வளைவுச் சோதனை செய்யும்போது நடு உருளைக்கடியில் ரப்பர் பட்டையும் அகலமான தகடும் வையுங்கள். கூர்மையான உருளை மேல்தோலோடு சேர்த்து ஃபோமை நசுக்கிவிடும். அப்போது நீங்கள் அளப்பது பலகையின் வலிமையை அல்ல, உருளையின் கூர்மையைத்தான். 500, 750, 1000 நியூட்டனில் தொய்வைக் குறித்து, இரண்டு வேறு இடைத்தூரத்தில் திரும்பச் செய்யுங்கள். வளைவுத் தொய்வு இடைத்தூரத்தின் கனத்தோடும் ஷியர் தொய்வு இடைத்தூரத்தோடு நேராகவும் போவதால் இரண்டையும் பிரித்தெடுக்க முடியும். கிடைக்கும் ஷியர் குணகத்தை ஃபோம் தரவுத்தாளோடு ஒப்பிட்டுக் காட்டினால் அறிக்கை தனியாகத் தெரியும்.

—

மூன்றாமாண்டு_மெக் எழுதியது:

இரண்டு இடைத்தூரம் யோசனை அருமை, சேர்த்துக்கொள்கிறோம். கடைசியாக ஒன்று: சக்கரத்துக்கான போல்ட் துளைகளை எப்படிப் போடுவது? பலகை கருப்பு நிறம், வெயிலில் கிடந்தால் சூடாகுமே, ரெசின் தாங்குமா?

—

அடுக்குக்கணக்கு எழுதியது:

ஃபோம் வழியாக நேராகத் துளை போட்டு போல்டை இறுக்கினால் 1.4 மெகாபாஸ்கல் பக்கம் ஃபோம் நசுங்கி, இறுக்கமே நிற்காது. லே-அப் (துணியையும் ஃபோமையும் அடுக்குவது) செய்யும் முன்பே சக்கரம் வரும் இடத்தில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு அதே தடிமனில் கடின மர ப்ளைவுட் துண்டு வையுங்கள், சக்கரத் தகட்டைவிட எல்லாப் பக்கமும் 15 மி.மீ. பெரிதாக. துண்டின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சாய்வாகச் சீவிப் பொருத்துங்கள். ஃபோமிலிருந்து மரத்துக்கு விறைப்பு திடீரென்று மாறும் கோட்டில்தான் தோல் விரிசல் விடத் தொடங்கும். மரத்துண்டிலும் 2 மி.மீ. ரெசின் துளைகள் தேவை, இல்லையென்றால் அதற்கு அடியில் மட்டும் உலர்ந்துபோகும்.

துளைக்கும்போது பின்னால் மரக்கட்டை அண்டை கொடுங்கள். துரப்பணம் வெளியே வரும் பக்கம் கடைசி அடுக்கைத் தள்ளிப் பிரித்துவிடும். கார்பைடு துரப்பணம், மெதுவான அழுத்தம். போல்ட் துருப்பிடிக்காத எஃகு. சக்கரத் தகடு அலுமினியம் என்றால் கார்பனோடு நேராகத் தொடவிடாதீர்கள், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கப்படும். அந்த இடத்தில் மட்டும் வெளி அடுக்காக ஒரு மெல்லிய கண்ணாடி இழைத் துணி போட்டால் தீர்ந்தது.

வெப்பத்தைப் பற்றிய கேள்வி மிகச் சரியானது. அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சியின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிதான். கருப்புப் பலகை வெயிலில் அதைத் தொட்டுவிடும், தொட்டால் மென்மையாகும். ஒரு நாள் மோல்டிலேயே இறுகவிட்டு, பிறகு மோல்டோடு சேர்த்து ஓவனில் வைத்து, நிமிடத்துக்கு அரை டிகிரி வேகத்தில் 60 வரை ஏற்றி 8 மணி நேரம் வையுங்கள். உங்கள் ரெசினின் தரவுத்தாள் வேறு சுழற்சி சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மோல்டிலிருந்து எடுத்துவிட்டுத் தனியாகச் சூடாக்கினால், வெப்பம் நிலைமாற்றத்தைத் தாண்டும் கணத்தில் பலகை தன் எடையிலேயே வளைவை இழக்கும். ஏற்றிய வேகத்திலேயே இறக்கி, 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு கதவைத் திறவுங்கள்.